சிறுசெலவிற் பிறமொழி

பிறமொழியொன்றைக் கற்க விழைவோர் பலர் முதலிற் பொருட்செலவையே எண்ணி அஞ்சுகின்றனர். கட்டணம் செலுத்த இயலாமையால் முயற்சியையே கைவிடும் மாணவரும் உளர். வறுமை தடையே, எனினும் அது கடத்தற்கரிய தடையா? ஜெர்மனியிற் பிறந்த ஹைன்ரிக் ஷ்லீமானின் இளமைக்காலம் இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

பிற்காலத்திற் பழைய துரோய் நகரத்தை அகழ்ந்து புகழ்பெற்ற இவர், 1842ஆம் ஆண்டில், இருபது வயதில், அம்ஸ்டர்டாம் நகரத்து வணிக நிலையமொன்றிற் சிற்றூழியராயிருந்தார். ஆண்டுச் சம்பளம் 800 பிராங்கு. அதிற் பாதியைக் கல்விக்கு ஒதுக்கி, குளிர்காயத் தீயுமில்லாத மேன்மாடச் சிற்றறையில் வாழ்ந்தார்.

தாம் கற்ற முறையை 1880இல் வெளிவந்த ‘இலியோஸ்’ என்னும் நூலில் அவரே விளக்குகின்றார். நாள்தோறும் உரத்து வாசித்தல், மொழிபெயர்ப்பை நாடாமை, விரும்பிய பொருள்பற்றிக் கட்டுரை வரைந்து, ஆசிரியர் திருத்தியபின் மனனஞ்செய்து மறுநாள் ஒப்புவித்தல் என்பன அம்முறையின் கூறுகள். ஆங்கில உச்சரிப்பைப் பெறும்பொருட்டு ஞாயிறுதோறும் இருமுறை ஆங்கிலத் தேவாலயஞ் சென்று, போதகர் மொழிந்த சொற்களை மெல்லத் தாமும் மொழிந்தார். இதற்குக் கட்டணமில்லை. தபால் நிலையத்திற் காத்துநின்ற நேரமும் வாசிப்புக்கே பயன்பட்டது.

இரஷ்ய மொழிக்கோ ஆசிரியர் கிடைத்திலர். பழைய இலக்கணமொன்று, அகராதியொன்று, கதைநூலொன்று ஆகியவற்றைக்கொண்டு தாமே கற்றார். கேட்பார் ஒருவர் இருப்பின் முன்னேற்றம் விரைவுறும் எனக் கருதி, இரஷ்ய மொழியறியாத ஏழையொருவருக்கு வாரம் நான்கு பிராங்கு கொடுத்து, மாலைதோறும் இரண்டு மணிநேரம் தாம் ஒப்புவிப்பதைக் கேட்கச் செய்தார். அயலவர் இரைச்சல் பொறாது முறையிட, இருமுறை வீடு மாறவும் நேர்ந்தது. 1846இல் அவரது நிலையம் அவரைத் தன் பிரதிநிதியாக இரஷ்யாவுக்கு அனுப்பியது.

ஷ்லீமான் தம்மைப்பற்றி எழுதியவற்றுட் சிலவற்றை அறிஞர் ஐயுறுவர். ஆயினும் அவர் காட்டிய வழி எவரும் சோதித்துப் பார்க்கத்தக்கது. செவியாற் கேட்டதை வாயாற் சொல்லியும், சொன்னதை எழுதியும், எழுதியதைத் திருத்தியும் பழகினாலன்றி மொழி வசப்படாது.

இன்று அந்நிய மொழியைக் கேட்பதற்கு வானொலியும் கைத்தொலைபேசியும் உள. வாசிப்பதற்குப் பொது நூலகம் உண்டு. ஒப்புவிப்பதைக் கேட்க உடன்பிறந்தாரொருவர் போதும். பொருள்கொடுத்துப் பெறவியலாதது ஒன்றே: நாள் தவறாத பயிற்சி. அது செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒரே விலையிலேயே கிடைக்கின்றது.