ஜோகுபாளையம்: ஒரு பெயர், பல வடிவங்கள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நாம் வாழும் பகுதியை நாம் ஜோகுபாளையம் என்கின்றோம்; கன்னட அன்பர்கள் ஜோகுபாள்ய என்கின்றனர்; ஆங்கிலப் பலகையிலும் அவ்வடிவே காணப்படுகின்றது. 'எது சரி?' என்று நம் பிள்ளைகள் வினவுகின்றனர். நம்முடையதே சரி, பிறருடையது சிதைவு என்று விடை கூறுதல் எளிது, முறையாகாது.

பாளையம் என்பது படை தங்குமிடம். தமிழில் பாளையம், கன்னடத்தில் பாள்ய, தெலுங்கில் பாளெம். மூன்றும் ஒரு சொல்லின் வடிவங்களே. நம் பாளையக்காரர் கன்னடத்தில் பாளேகாரர் ஆவர்; ஆங்கிலேயர் ஏட்டில் 'பாலிகர்' ஆவர். 1537-இல் பெங்களூர்க் கோட்டையை எழுப்பிய கெம்பேகவுடரும் விசயநகரப் பேரரசுக்கு உட்பட்ட அத்தகைய தலைவரே.

அண்டையிலுள்ள அல்சூரையும் நோக்குவோம். கன்னடத்தில் அது ஹலசூரு. ஹலசு என்றால் பலா. பலா மரங்களால் வந்த பெயர் என்பர். நம் பால் அவர்க்கு ஹாலு. நம் புலி அவர்க்கு ஹுலி. அவ்வாறே பலாவும் ஹலசும் உறவுச் சொற்கள். முன்னெழுத்தின் ஹகரம் உதிர்ந்த வடிவே அல்சூர். ஆக, நாம் வழங்கும் பெயரில் பலா மறைந்தது. கன்னடர் வழங்கும் பெயரிலோ இன்றும் பழுத்துக் கிடக்கின்றது!

1809-இல் ஆங்கிலேயர் இங்குப் படைமுகாம் அமைத்தனர். சென்னை மாகாணப் படையோடும் அதனைத் தொடர்ந்தும் தமிழர் பலர் வந்தனர். ஆங்கிலத்தில் அது கண்டோன்மென்ட், கன்னடத்தில் தண்டு. தண்டு என்னும் சொல் தமிழிலும் படையைக் குறிக்கும். பாளையம், தண்டு, கண்டோன்மென்ட் யாவும் படையின் நினைவைச் சுமக்கும் பெயர்களே. படை கூடாரம் பிரித்துச் செல்வது இயல்பு. உடன் வந்த குடிகளோ தங்கினர், வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். 1949-இல் நகரமும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. பாளையம் ஊராயிற்று.

ஊராரான பின் ஊராரின் கடமையும் உண்டன்றோ? தம் தெருவின் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாத பிள்ளைகள் நம் இல்லங்களில் பெருகி வருகின்றனர். அதே பெயரைக் கன்னட எழுத்தில் படிக்க இயலாத முதியோரும் உளர். இரு சாரார்க்கும் ஒரு வேண்டுகோள்: இன்றிரவு ஒரு தாளில் இப்பெயரை இரண்டு எழுத்திலும் எழுதுங்கள். பாட்டி பேரனுக்குத் தமிழைக் கற்பிக்கட்டும். பேரன் பாட்டிக்குக் கன்னடத்தைக் காட்டட்டும். பெயர் எதுவாயினும், ஊர் ஒன்றே. அது நம் ஊர்.

வாழ்க தமிழ்! வாழ்க கன்னடம்!