பூங்காவில் ஓர் அளவுகோல்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருபவை துணிக்கடைகள். கல்யாணச் சேலை எடுக்க வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே வந்து இறங்குவார்கள். ஆனால் கோடை விடுமுறை வந்துவிட்டால், எங்கள் ஊர்க் குழந்தைகளின் கண்கள் மேற்குத் திசையில் பெங்களூரை நோக்கித் திரும்பிவிடும். அதற்கும் அப்பால், மைசூர்ச் சாலையில் உள்ள பிடதியில், 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘வொண்டர்லா’ என்னும் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. அங்கே சென்று வந்த பிள்ளை ஒரு வாரத்துக்குத் தெருவில் தலைவனாகத் திகழ்வான். மற்றப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் அந்தப் பெருமை எங்கள் வீட்டுக்கும் வாய்த்தது. நான், என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், ஆறு வயது மகன், எழுபதைக் கடந்த என் தாயார் ஆகிய ஐவரும் விடியுமுன் புறப்பட்டோம். எங்கள் பக்கத்தில் பாட்டியை ‘ஆயா’ என்று அழைப்பது வழக்கம். ஆயாவின் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு; பையனின் மடியில் ஆயாவின் சுருக்குப் பை. கிருஷ்ணகிரியையும் சூளகிரியையும் கடந்தோம். ஓசூரில் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் தொழிற்சாலைகளின் மதில்கள் வரிசையாக வந்தன. “அப்பா, ராட்டினம் செய்கிற தொழிற்சாலை எது?” என்று கேட்டான் பையன். அத்திப்பள்ளியைத் தாண்டியதும் பெயர்ப் பலகைகள் கன்னடத்துக்கு மாறின. மாநிலத்துக்கு எல்லை உண்டு. பையனின் கேள்விகளுக்கு எல்லை இல்லை.

அவன் மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தண்டவாளத்தில் மலை போல் ஏறி மடு போல் இறங்கும் வண்டியில் தானும் அக்காளும் முன் வரிசையில் உட்கார வேண்டும். அந்த வண்டியைப் பற்றி மாணவர்களாகிய நீங்கள் அறிந்துகொள்வது நலம். வழக்கமான அமைப்பில், தொடக்கத்தில் சங்கிலி ஒன்று வண்டியை உச்சிக்கு இழுத்துச் சென்று விடுகிறது. அதற்குப் பின் அதை ஓட்டுவது புவியின் ஈர்ப்பே. 20 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வின்றி இறங்குவதாகக் கணக்கிட்டால், அடியில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் ஆகும். இந்தக் கணக்கில் ஏறியவரின் எடை எங்கும் வருவதில்லை. அப்படியானால் சிறுவனை ஏன் தடுக்கிறார்கள்? வண்டி மேட்டில் ஏறிச் சட்டென்று தாழும் கணத்தில், உடல் மட்டும் மேல் நோக்கியே செல்ல முயல்கிறது. அப்பொழுது நம்மை இருக்கையோடு பிடித்து வைப்பது தொடையின் மீதோ தோளின் மீதோ அமரும் கம்பி ஒன்றுதான். குறித்த அளவுக்குச் சிறிய உடல் அந்தக் கம்பிக்கு அடியில் நழுவிவிடக்கூடும். ஆகவேதான் இத்தகைய பூங்காக்களில் குழந்தையின் வயதைக் கேட்பதைவிட உயரத்தையே பெரிதாகப் பார்க்கிறார்கள்.

இத்தனையும் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

நெடுநேரம் வரிசையில் நின்று வாயிலை அடைந்தோம். அங்கே ஓர் அளவுகோல் நட்டிருந்தது. பையனின் தலை அதன் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. விடியற்காலை முதல் அவன் கண்ட கனவு எனக்குத் தெரியும். இரண்டு விரற்கடையில் என்ன வந்துவிடப் போகிறது என்று என் மனம் வாதாடியது. அவன் காதருகே குனிந்து, “குதிகாலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்” என்றேன். அவனும் தூக்கினான்.

காவல் நின்ற இளைஞர் கோபிக்கவில்லை. பையனின் தோளில் கை வைத்து மெல்ல அழுத்தினார். குதிகால் தரையைத் தொட்டது. “அடுத்த வருஷம் வா, ராஜா” என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். பையன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அழுகையைவிட ஐயமே மிகுதியாக இருந்தது. பொய்யை முதன்முதலாகத் தந்தையிடம் கற்றுக்கொள்ளும் பிள்ளை அப்படித்தான் பார்ப்பான் போலும்! அன்று அந்த இளைஞர் என் மகனை என்னிடமிருந்தே காத்தார் என்று சொன்னாலும் தகும்.

மகளும் தாயும் வண்டி ஏறப் போனார்கள். நான் பையனை அழைத்துக்கொண்டு, மரநிழல் பெஞ்சில் மூட்டைகளோடு அமர்ந்திருந்த ஆயாவிடம் போனேன். ஆயாவும் ஒரு விதியால் தடுக்கப்பட்டவரே. நீர் விளையாட்டுகளில் பருத்தி ஆடைக்கு இடமில்லை. நனைந்த சேலை கனக்கும். சறுக்குப் பாதையில் சிக்கும். அதன் இழைகள் வடிகட்டிகளை அடைக்கும். சேலைக்குப் பேர்போன ஊரிலிருந்து சென்றவருக்குச் சேலையே தடையாயிற்று! எழுபதும் ஆறும் அருகருகே உட்கார்ந்தன.

“எங்கள் காலத்துத் திருவிழா ராட்டினத்துக்கு அளவுகோல் கிடையாது. ஆனால் ராட்டினக்காரர் எங்கள் ஒவ்வொருவரையும் கையால் தூக்கிப் பார்ப்பார். எதிர்த் தொட்டியில் இருப்பவர் கனத்துக்குச் சரியாக இருந்தால்தான் ஏற்றுவார். என்னை இரண்டு தடவை இறக்கிவிட்டிருக்கிறார்” என்றார் ஆயா. பையன் முதன்முறையாகச் சிரித்தான். கையால் சுற்றும் அந்த மரராட்டினத்தில் ஒரு பக்கம் கனத்தால் சுழற்சி தடுமாறும்; ஆட்களுக்கும் ஆபத்து. ஆக, விதி புதிதன்று. அதை அளக்கும் கருவிதான் புதிது.

பெஞ்சு என்றதும் எனக்கு வேறொரு பெஞ்சு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கிரிஃபித் பூங்கா என்று ஒன்று உண்டு. அங்கே தம் இரு பெண் குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, வால்ட் டிஸ்னி பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் தோன்றியது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அதற்கு முன்பும் பூங்காக்கள் இருந்தன. கோபன்ஹேகனில் டிவோலி 1843-இல் தோன்றியது. 1893-இல் சிகாகோப் பொருட்காட்சியில் ஃபெரிஸ் என்னும் பொறியாளர் 80 மீட்டர் உயர இராட்டினம் அமைத்தார். அதன் 36 கூண்டுகளில் ஒரே சமயத்தில் 2,160 பேர் ஏற முடிந்தது. ஆனாலும் குடும்பத்தில் யாரும் பெஞ்சில் தங்கிவிடக்கூடாது என்ற அந்த எண்ணம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால் அந்த எண்ணத்தைப் பூங்கா மட்டும் நிறைவேற்றிவிட முடியாது. நாமும் சேர்ந்துதான் நிறைவேற்ற வேண்டும். அளவுகோலை ஏமாற்றிச் சிறுவனை மேலே ஏற்றுவது அதற்கு வழியாகாது. பெரியவர்கள் சிறுவனின் உயரத்துக்கு இறங்கி வருவதே வழி. அன்று மாலை அதைத்தான் செய்தோம். மெல்லச் சுழலும் குதிரை ராட்டினத்தில் ஐவரும் ஏறினோம். ஆயா ஒரு கையால் சேலைத் தலைப்பையும், மறு கையால் பேரனையும் பிடித்துக்கொண்டார். பெரிய வண்டியில் ஏறி இறங்கிய மகள்கூட, “இதுதான் நன்றாக இருந்தது” என்றாள். அவள் தம்பிக்காகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இரவு ஊர் திரும்பும் வழியில் பையனிடம், “நான் சொன்னது தவறு, அப்பா” என்றேன். அவன் பாதித் தூக்கத்தில் இருந்தான். “சரி” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு நிலைப்படியில் பென்சிலால் இரண்டு கோடுகள் ஏறியிருந்தன. ஒன்று அவன் உயரம். மற்றது அதற்கு இரண்டு விரற்கடை மேலே. ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் அங்கே வந்து நிற்கிறான். இப்பொழுது ஒரு விரற்கடைதான் பாக்கி. அளப்பது நானானாலும், அளக்குமுன் குனிந்து பார்ப்பவன் அவன்தான்: குதிகால் தரையில் படிந்திருக்கிறதா என்று.