பாசி தின்னும் மீன் ஏன் பட்டினியில சாகுது?

போன எபிசோட்ல புது கடல்நீர் டேங்கை சைக்கிள் பண்றது பத்திப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல நிறைய ஒரே மாதிரி இருந்துச்சு: "ப்ரோ, கண்ணாடி முழுக்கப் பாசி. ஒரு லான்மோவர் பிளென்னி வாங்கி விட்டா சரியாயிடுமா?"

சுருக்கமான பதில், கொஞ்ச நாளைக்குச் சரியாகும். அதுக்கப்புறம் அந்த மீன் என்ன சாப்பிடும்? இன்னைக்கு எபிசோட் முழுக்க இந்தக் கேள்விதான்.

முதல்ல பிளென்னின்னா யாருன்னு பார்த்துடலாம். உருண்டைத் தலை, தலையோட உச்சிக்கிட்ட கண்ணு, பல வகைகள்ல கண்ணுக்கு மேல குட்டிக் கொம்பு மாதிரி சதை இழை. பெரும்பாலான வகைகளுக்கு வளர்ந்த பிறகு உள்ளே காற்றுப்பை இருக்காது. அதனாலதான் நீந்திக்கிட்டே இருக்காம, கல்லு மேல உட்கார்ந்து நம்மளையே முறைச்சுப் பார்க்கும். கடையில கோபி மீனோட குழப்பிக்கிறவங்க முதுகுத் துடுப்பைப் பாருங்க. பிளென்னிக்கு அது நீளமா ஒரே துடுப்பா ஓடும். கோபிக்குப் பெரும்பாலும் ரெண்டா பிரிஞ்சிருக்கும்.

லான்மோவர்னு விக்கிறது சலாரியாஸ் ஃபாசியாட்டஸ். செங்கடல்ல இருந்து பசிபிக் தீவுகள் வரைக்கும் இருக்கிற மீன். சுமார் 14 செ.மீ. வளரும். சீப்பு மாதிரி பல்லு. அதை வெச்சு கல்லைச் சுரண்டி, மேல படிஞ்ச மெல்லிய பாசியையும் அதோட ஒட்டியிருக்கிற மக்கிய துகளையும் சாப்பிடும். கண்ணாடியில உதடு பதிச்ச மாதிரி வரிசையா தடம் தெரிஞ்சா, மீன் வேலையில இருக்குன்னு அர்த்தம்.

இங்கதான் சிக்கல். நீளமா வளர்ந்த முடிப்பாசி, குமிழ்ப்பாசி, சிவப்பா வழவழன்னு படியுற சயனோ, இதையெல்லாம் அது தீர்த்து வைக்கும்னு நம்பாதீங்க. அது தின்னுற மெல்லிய பாசியோ ஒரு சின்ன டேங்க்ல சீக்கிரம் காலியாயிடும். நாம "டேங்க் பளிச்சுன்னு இருக்கு"ன்னு ஃபோட்டோ போடுற நேரத்துல அது பசியில இருக்கும். கூட இருக்கிற க்ளௌன் மீன் மாதிரி மேல வந்து தீனி கேட்காது. பாறையில எப்பவும் போல உட்கார்ந்திருக்கும். வாரக்கணக்குல மெலிஞ்சு ஒரு நாள் காணாமப் போகும். நாம தண்ணியில ஏதோ கோளாறுன்னு டெஸ்ட் கிட்டைத் தேடுவோம்.

அதனால வயித்தைப் பாருங்க. நேர் எதிர்ல இருந்து பார்க்கும்போது வயிறு உருண்டையா இருக்கணும். உள்ளே ஒட்டி, தலை மட்டும் பெருசாத் தெரிஞ்சா பட்டினி. கடையிலயும் இதே சோதனைதான். கொளத்தூர்ல வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, "அண்ணா, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. ஆன்லைன்னா வீடியோ கேளுங்க. சாப்பிடுறதைப் பார்க்காம காசு கொடுக்காதீங்க.

டேங்க் குறைஞ்சது 6 மாசம் ஓடியிருக்கணும். லான்மோவருக்கு 120 லிட்டராவது வேணும். தினமும் ஸ்பைருலினா கலந்த தீனி, உப்பு மசாலா சேர்க்காத நோரித் தாள் கொடுத்துப் பழக்குங்க. நோரியை மேல மிதக்க விடாம, ஒரு கல்லுல ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கீழே வைங்க. சில மீன் கடைசி வரைக்கும் தொடாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. பால்கனியில ஒரு டப்பாவுல கடல்நீர் ஊத்தி, நாலஞ்சு சின்னக் கல்லைப் போட்டு வைங்க. வெயில்ல தானா பாசி பிடிக்கும். வத்துற தண்ணிக்கு ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க, உப்புத் தண்ணி ஊத்தினா உப்பு ஏறிடும். வாரம் ஒரு கல்லை டேங்க்ல வெச்சு, மொட்டையான கல்லைத் திரும்ப வெயிலுக்கு அனுப்புங்க. குவாரன்டைன் டேங்க்லயும் இதே கல் உதவும், ஆனா காப்பர் மருந்து போட்டிருந்தா வேண்டாம். இதுக்காக ராமேஸ்வரம் போற நண்பர்கிட்ட பவளத் துண்டு கேட்காதீங்க. கல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. எடுக்கிறது குற்றம்.

இவ்வளவு மெனக்கெட முடியாதுன்னா வேற பிளென்னி இருக்கு. டெயில்ஸ்பாட் பிளென்னி 6 செ.மீ.தான், 60 லிட்டர் டேங்க்லயே வாழும், உறைந்த மைசிஸ் எறாலையும் சாப்பிடப் பழகிடும். மைடாஸ் பிளென்னி பொன் மஞ்சள், மிதக்கிற பிளாங்க்டன் தின்னும். கடல்ல ஆன்தியாஸ் கூட்டத்தோட கலந்து நீந்தும். பாசிக்கு அது உதவாது, ஆனா தீனி கொடுக்கிறது சுலபம்.

மெயாகாந்தஸ் வகைக்குக் கீழ்த் தாடையில விஷப்பல் உண்டு. 2017-ல கரண்ட் பயாலஜி இதழ்ல வந்த ஆய்வு, அந்த விஷத்துல ஓபியாய்டு மாதிரி வேலை செய்யுற பெப்டைடு இருக்குன்னு சொல்லுச்சு. பவள டேங்க்ல சாதுதான், கையால மட்டும் பிடிக்காதீங்க. முழுக்கத் தவிர்க்க வேண்டியது ஆஸ்பிடோன்டஸ். க்ளீனர் ராஸ் மாதிரியே நீலக்கோடு போட்டுக்கிட்டு, மத்த மீன்களோட துடுப்பைக் கடிக்கும். வாயைப் பாருங்க: ராஸுக்கு வாய் மூக்கு நுனியில, இதுக்கு முகத்துக்கு அடியில.

கடைசியா மூணு விஷயம். ஒண்ணு, சின்ன டேங்க்ல ஒரு பிளென்னி போதும், ரெண்டாவது வந்தா அடிதடிதான். ரெண்டு, துள்ளும், அதனால வலை மூடி கட்டாயம். மூடி இல்லாத டேங்க்னா தரையில காய்ஞ்ச மீன்தான் கிடைக்கும். மூணு, உடம்பு நுழையுற அளவுக்கு ஓட்டை உள்ள பாறை வைங்க. தலையை மட்டும் நீட்டிக்கிட்டு உட்கார்றதுதான் அதோட வீடு. பசி அதிகமானா சில பிளென்னி பவளத்தையும் கடிச்சுப் பார்க்கும். அப்படி நடந்தா மீனைத் திட்டுறதுக்கு முன்னாடி வயித்தைப் பாருங்க.

பாசி பிரச்சனைக்கு லைட் நேரத்தைக் குறைங்க, தீனியை அளவாப் போடுங்க, ஆர்ஓ தண்ணியோட டிடிஎஸ் பாருங்க, நத்தை விடுங்க. இந்த மீன்கள்ல பெரும்பாலானதைக் கடல்ல இருந்து பிடிச்சுத்தான் கொண்டு வர்றாங்க. பிளென்னியைப் பிடிச்சிருந்தா மட்டும் வாங்குங்க, கண்ணாடி துடைக்க காந்த பிரஷ் இருக்கு.

அடுத்த எபிசோட்ல சென்னை வெயில்ல சில்லர் இல்லாம டேங்கை ஓட்ட முடியுமான்னு பார்க்கலாம். உங்க பிளென்னி வயித்தோட ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.