கதையின் முடிவும் ரசிகரின் உரிமையும்

வீடியோ கேமின் கதையை நகர்த்துவது ஆடுபவரின் கை. அதனால் முடிவு பிடிக்காதபோது, இத்தனை நாள் தான் எடுத்த தீர்மானங்களுக்கு மதிப்பில்லாமல் போயிற்றே என்ற வலியும் கோபத்தோடு சேர்ந்துகொள்கிறது.

2012 மார்ச்சில் வெளிவந்த மாஸ் எஃபெக்ட் 3 விளையாட்டில் நடந்தது அதுதான். கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவேர் நிறுவனம் 2007-இல் தொடங்கிய விண்வெளிக் கதையின் மூன்றாம் பாகம் அது. யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்று முதல் பாகத்தில் ஆடுபவர் எடுத்த தீர்மானம் மூன்றாம் பாகம் வரை பின்தொடரும். தொடரின் பெருமையே அதுதான். கடைசியில், ஆடுபவர் இயக்கும் தளபதி ஷெப்பர்டின் முன் இருந்தவையோ மூன்றே வழிகள். எதைத் தேர்ந்தாலும் ஏறத்தாழ ஒரே காட்சி. ஒளி மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என மாறியது. லண்டன் போர்க்களத்தில் ஷெப்பர்டுடன் ஓடிய தோழர்கள், சற்று நேரத்தில் முன்பின் தெரியாத கிரகத்தில் விழுந்த கப்பலிலிருந்து இறங்கினார்கள். அங்கே எப்படிப் போனார்கள் என்று கதை சொல்லவில்லை.

ரசிகர்கள் பயோவேருக்குச் சுமார் 400 கப்கேக்குகளை அனுப்பினார்கள். மேலே மூன்று நிறக் கிரீம். கடித்தால் எல்லாம் ஒரே சுவை. குறை எது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

ஜூனில் விரிவாக்கப் பதிப்பு இலவசமாக வந்தது. கதை முடியும் இடம் மாறவில்லை. தோழர்களைக் கப்பல் ஏற்றிச்செல்லும் காட்சியும், போருக்குப் பின் யார் என்ன ஆனார்கள் என்ற விவரமும் சேர்ந்தன. மூன்று வழிகளையும் மறுக்கவும் இடம் கிடைத்தது, மறுத்தால் தோல்விதான். அறுந்த இழைகளை முடிந்து, துயரத்தைத் தொடாமல் விட்ட நேர்மையான திருத்தம் இது.

ஃபால்அவுட் 3 இந்த எல்லையைத் தாண்டியது. 2008-இல் வந்த மூல விளையாட்டின் இறுதியில், கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் போய் உயிரைக் கொடுக்க வேண்டும். கதிர்வீச்சு தாக்காத தோழன் ஃபாக்ஸ் உடன் வந்திருந்தால் பக்கத்திலேயே நிற்பான். போகச் சொன்னால் மறுப்பான். முன்பு அத்தகைய இடத்துக்குள் போய்வந்தவனே அவன்! 2009-இல் வந்த புரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் பகுதியில் அவனை அனுப்ப வழி செய்தார்கள்; அது தேவையான திருத்தம். ஆனால் தானே உள்ளே போன நாயகனும் இரண்டு வாரம் கழித்துக் கண்விழித்து எழுந்தான். அவன் செய்த தியாகத்தின் கனம் அதோடு போய்விட்டது.

2020-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. முதல் பாகத்தின் நாயகன் ஜோயல் கொல்லப்பட்டதையும், அவனுக்கு மகள் போன்றவளாகி, பழிவாங்கக் கிளம்பிய எல்லி கடைசி நொடியில் எதிரியை விட்டுவிட்டதையும் பலரால் ஏற்க முடியவில்லை. நாட்டி டாக் நிறுவனம் கதையில் கைவைக்கவில்லை, வைக்காததே சரி. அங்கே அறுந்த இழை ஏதுமில்லை, ஆறாத துயரம் மட்டுமே இருந்தது. 2024-இல் மெருகேற்றி வெளியிட்ட பதிப்பிலும், இரு விரல்களை இழந்த எல்லி ஜோயல் தந்த கிதாரை வாசித்துப் பார்க்கிறாள். சுரம் பிசகுகிறது. கிதாரை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு வெளியே நடக்கிறாள்.