நீர்க்குழாயும் நாகப் பூச்சும்

(பூண்டுலோயாக் கமக்காரருக்கு ஆற்றிய உரை)



கீழே வயலுக்கு வாய்க்கால் போதும். மலைச்சரிவிலுள்ள மரக்கறிப் பாத்திக்கோ மேலேயுள்ள ஊற்றிலிருந்து குழாய் வழியாகவே நீர் வருதல் வேண்டும். இன்று பிளாத்திக்குக் குழாய் பெரிதும் பயன்படுகின்றது. எனினும், புதைக்க இயலாத கற்பாறையிலும் ஓடையின் குறுக்கேயும் நாகம் பூசிய இரும்புக் குழாயே நிலைத்து நிற்கும். அது செய்யப்படும் முறையை அறிந்தவர் அதனைக் காக்கவும் அறிவர்.

நீண்ட உருக்குத் தகட்டை உருளைகளுக்கிடையே செலுத்தி வட்டமாக வளைப்பர். விளிம்புகள் சந்திக்கும் இடத்தை மின்சாரத்தாற் காய்ச்சி, அழுத்தி ஒட்டுவர். பழுக்கக் காய்ச்சிய தகட்டை இழுத்து இவ்வாறு ஒட்டும் முறைக்கு இங்கிலாந்தில் கொர்னீலியஸ் வைற்ஹவுஸ் என்பவர் 1825இல் உரிமை பெற்றார். பின்னர்க் குழாயை அமிலத்திற் கழுவி, ஏறக்குறைய 450 பாகை செல்சியசில் உருகி நிற்கும் நாகத்தில் அமிழ்த்துவர். நாகம் உள்ளும் புறமும் இரும்போடு கலந்து பற்றிக்கொள்ளும். அது முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கின்றது. அது தீர்ந்தவுடன் துரு தொடங்கும். குழாயின் ஆயுள் இப்பூச்சின் ஆயுளே.

ஆகவே பின்வருவனவற்றைக் கவனிக்க:

1. வாங்கும்போது குழாயின் உட்புறத்தையும் பார்க்க. ஒட்டிய வரியிற் பூச்சு விடுபட்டிருப்பின் வாங்கற்க.

2. மரை வெட்டிய இடத்தில் நாகம் இராது. பொருத்தியபின் வெளியே தெரியும் மரைக்கு நாகம் கலந்த வர்ணம் பூசுக.

3. இக்குழாய்க்கு மேற்புறத்திற் செம்புக் குழாயை இணைக்கற்க. நீரிற் கரைந்துவரும் செம்பு நாகத்தைத் துளைக்கும்.

4. உருளைக்கிழங்குக்குத் தெளிக்கும் போடோக் கலவையில் மயில்துத்தம் உண்டு, அதுவும் செம்பே. அதனை நாகம் பூசிய வாளியிற் கரைத்தலும் இக்குழாயில் விடுதலும் கூடா. மருந்தும் கெடும், பாத்திரமும் கெடும். மண் அல்லது பிளாத்திக்குப் பாத்திரமே ஏற்றது.

5. ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும், குழாயை மூடியிருக்கும்போது, சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் அழுத்தம் ஏறும். ஊற்று 80 மீற்றர் மேலே இருப்பின் அது 8 கிலோகிராமாகும். சடுதியாக மூடினால் மேலும் ஏறிப் பொருத்துகள் விட்டுப்போகும். எனவே மெதுவாக மூடுக. இறக்கம் மிகுதியாயின் நடுவழியில் ஒரு திறந்த தொட்டி கட்டுக. அங்கே அழுத்தம் அற்றுப்போய், கீழே புதிதாகத் தொடங்கும்.

குழாய்க்கு இடும் பணம் ஒரு போகத்து வருமானத்தையே விழுங்கக்கூடும். வழியையும் இறக்கத்தையும் அளந்தறிந்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கலந்துபேசியபின் வாங்குவீர்களாக.