இன்னொரு வாட்டி



பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய இம்போசிஷன்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். அவற்றில் ஒன்றுதான் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரீஇட்டரேட்' என்ற சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டேன். ஐம்பது தடவை எழுதிக்கொண்டு வா என்றார் வாத்தியார். மந்தைவெளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெரிய கெட்டிக்காரன் மாதிரி, ஐம்பது வரிக்கும் முதல் எழுத்தை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் எழுதினேன். பிறகு இரண்டாவது எழுத்து, பிறகு மூன்றாவது. வரிசையாகத் தூண் எழுப்புவது போல. நடுவே ஒரு 'டி' வர வேண்டிய இடத்தில் இரண்டு தூண் எழுப்பிவிட்டேன். மறுநாள் ஐம்பதும் தப்பு. "திருப்பிச் சொல்றதுன்னு அர்த்தம் உள்ள வார்த்தையில எழுத்தைத் திருப்பிப் போட்டிருக்கே. அர்த்தம் மட்டும் நல்லா புரிஞ்சிருக்குடா" என்று சிரித்தார். இன்னொரு ஐம்பது எழுத வைத்தார் என்பது வேறு கதை.

அந்தச் சொல்லே ஒரு வேடிக்கைதான். லத்தீனில் 'இட்டெரும்' என்றால் மறுபடியும். அதிலிருந்து 'இட்டெராரே', மறுபடி செய்வது. அதுவே போதும். ஆனால் அதன் தலையில் 'ரீ' என்று ஒன்றை ஒட்டினார்கள். ரீ என்றாலும் மறுபடியும்தான். ஆக, ரீஇட்டரேட் என்றால் மறுபடி மறுபடி செய். இந்த இரட்டைச் சொல் 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. ஒற்றையான 'இட்டரேட்' அதற்குப் பின்னால், 16ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. நம் அலுவலகங்களில் சிலர் 'ரீஇட்டரேட் அகெய்ன்' என்று கடிதம் எழுதுகிறார்கள். மூன்று மறுபடி. கடிதம் போன இடத்தில் ஒரு தடவைகூடப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

இதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அவ்வளவு உரிமை கிடையாது. 'நடுசென்டர்ல வண்டிய நிறுத்திட்டான்' என்கிற ஊர் இது. 'கேட்டு வாசல்ல நிக்கிறேன்' என்று தினமும் யாரோ போனில் சொல்கிறார்கள். அதெல்லாம் ஆங்கிலம் வந்து கெடுத்தது என்பீர்களானால், அரைஞாண் கயிறு? ஞாண் என்றாலே கயிறுதானே. பிறந்த குழந்தையின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, பேச்சில் இரண்டு கட்டிவிடுகிறோம்.

ரீஇட்டரேட் என்பது இன்று பெரும்பாலும் பேச்சுக்கு உரிய சொல். சொன்னதை அழுத்தி மறுபடி சொல்வது. நாளிதழ்களில் 'மீண்டும் வலியுறுத்தினார்' என்று வருகிறதே, பெரும்பாலும் அதன் ஆங்கில மூலத்தில் இந்தச் சொல்தான் உட்கார்ந்திருக்கும். மயிலாப்பூரில் மெஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு தோசையை ரீஇட்டரேட் செய்யச் சொல்ல முடியாது. அதற்கு 'ரிப்பீட்' வேண்டும். ரிப்பீட் என்பதற்கு மூலம் 'பெட்டெரே' என்ற லத்தீன் சொல். ஒன்றை நாடிப் போவது, கேட்பது. மனுவுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'பெட்டிஷன்' இதே குடும்பம். அதாவது ரிப்பீட் என்றால் கேட்டு வாங்க மறுபடி நடப்பது. ஒரே மனுவோடு ஒரே படியை மூன்று தடவை ஏறியவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

நான் சொல்ல வந்த விஷயம் வேறு. அது ஒரு கல்யாணக் கணக்கு நோட்டில் கிடைத்தது. எங்கள் வீட்டுப் பெண் கல்யாணம் முடிந்து, மண்டபத்தை ஒழித்துவிட்டு, இரவு கணக்குப் பார்த்தோம். மளிகை, காய்கறி, பூ, மேளம் எல்லாம் வரிசையாக எழுதி, கடைசி வரியில் என் மாமா வழக்கம்போல 'இதர செலவுகள்' என்று ஒரு தொகை போட்டிருந்தார். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிசு. அது கிடக்கட்டும். இந்த 'இதர' வடமொழியிலிருந்து நமக்கு வந்தது. வேறு, மற்றது என்று பொருள். லத்தீனின் இட்டெரும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்கிறது மொழியியல். இரண்டும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. கல்யாண நோட்டின் கடைசி வரியும் என் இம்போசிஷனும் உறவு!

அந்த உறவைக் கேட்டதும் எனக்குத் தமிழின் 'மறு' நினைவுக்கு வந்தது. மறுநாள் என்றால் அதே நாள் திரும்பி வருவதா? வேறொரு நாள். மறுகரை, வேறொரு கரை. கல்யாணம் முடிந்து மறுவீடு போகிறோமே, அது இன்னொரு வீடு. அந்த மறுவோடு 'படி' சேர்ந்தால் மறுபடி. லத்தீனுக்கும் தமிழுக்கும் எந்த ரத்த சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் 'திரும்பவும்' என்று சொல்ல இரண்டு மொழிகளும் 'வேறு' என்ற சொல்லிடம் போய்த்தான் நின்றிருக்கின்றன. இரண்டாவது தடவை என்பது வேறொரு தடவை என்று அந்தப் பழைய ஆட்களுக்குப் பட்டிருக்கிறது.

திருப்பிச் சொல்வதைப் பற்றி நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரிடம் கேட்டால் என்ன சொல்வார்? நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' மூன்றாவதாக வருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அதே நன்னூல் பாடம் கேட்கும் மாணவனைப் பற்றிச் சொல்லும்போது கதை மாறுகிறது. ஒன்றை இரண்டு முறை கேட்டால் பிழை குறையும். மூன்று முறை கேட்டால் முறை அறிந்து எடுத்துச் சொல்லத் தெரியும் என்கிறார். எழுதுகிறவனுக்குக் குற்றமாக இருப்பது கேட்கிறவனுக்குப் பயிற்சி. அடுக்குத்தொடருக்கும் அவர் அளவு வைத்திருக்கிறார். ஒரு சொல்லை இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு முறை அடுக்கலாம். பாம்பு பாம்பு என்று கத்துபவனைப் பார்த்துக் கூறியது கூறாதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

பவணந்தியாரைத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்கு ஒரு தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் 'நூறு நூறு நூறு நூறு நூறு நூறு' என்று மூச்சு விடாமல் கூவுவார். நான்கு என்ற எல்லை முதல் நொடியிலேயே போய்விடும். அந்த ஆளுக்கு இலக்கணம் தெரியாது என்று நினைக்காதீர்கள். அவர் ஒரே ஆளிடம் ஆறு தடவை சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் நிற்பதே இல்லை, தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு நூறும் ஒவ்வொரு புது காதுக்கு.

வானொலிக்காரர்களும் கிட்டத்தட்ட அந்த நைட்டிக்காரர் ஜாதிதான். செய்தி முடிந்ததும் தலைப்புகளை ஏன் மறுபடி வாசிக்கிறார்கள்? பத்திரிகையில் கண் பின்னால் போகலாம். வானொலியில் காது பின்னால் போக முடியாது. இந்த வானொலி உரையில் நான் 'இட்டெரும்' என்று சொன்னபோது உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்திருந்தால், அந்தச் சொல் உங்களுக்குப் போனது போனதுதான். 1938இல் சென்னை நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் தொல்லை இருக்கிறது. கூறியது கூறாமல் இங்கே பிழைக்க முடியாது.

இன்னொரு வானொலி உண்டு. மீனம்பாக்கத்தில் விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்வது. சொன்னது கேட்காவிட்டால் அங்கே 'ஸே அகெய்ன்' என்பார்கள். ராணுவத்தில் இன்னும் கறார். பீரங்கிப் படையின் பேச்சில் 'ரிப்பீட்' என்றால் அதே இடத்தில் இன்னொரு முறை சுடு என்று அர்த்தம். காதில் விழவில்லையே என்று அப்பாவியாக ரிப்பீட் என்றால் குண்டு விழுந்துவிடும். நம் மதுக்கூடங்களில் அதே ரிப்பீட்டுக்கு அதே ரகத்தில் இன்னொரு கோப்பை வரும். ஆபத்து அதிலும் இல்லாமல் இல்லை.

நாடக மேடைக் காலத்தில் பாட்டு பிடித்துவிட்டால் கொட்டகையே 'ஒன்ஸ்மோர்' என்று கத்துமாம். ஆங்கிலம் தெரியாதவர்களும் கத்துவார்கள். லண்டனில் அதே இடத்தில் 'ஆங்கோர்' என்பார்கள். அது பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அவர்கள் 'பிஸ்' என்பார்கள், அது லத்தீன். இன்னொரு முறை கேட்க ஆசை வந்தால் மனிதனுக்குச் சொந்த மொழி போதாது போலிருக்கிறது.

மயிலாப்பூர் சபாக்களில் இன்று யாரும் ஒன்ஸ்மோர் கேட்பதில்லை, மிஞ்சினால் துண்டுச்சீட்டு அனுப்புவார்கள். அங்கே அதற்கு அவசியமும் இல்லை. தியாகராஜரின் 'சக்கனி ராஜ' கீர்த்தனையைக் கரகரப்பிரியாவில் ஒருவர் எடுத்தால், பல்லவியின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். சொல் மாறாது. தாளம் மாறாது. முதல் தடவை வரி நேராக நடந்து போகும். அடுத்த தடவை ஒரு இடத்தில் மட்டும் சின்ன வளைவு. அடுத்ததில் அந்த வளைவு இருக்கும், அதற்குப் பின்னால் ஒரு ஏற்றம் சேர்ந்திருக்கும். சங்கதி சங்கதியாக ஏறி, கடைசியில் அதே வரி மேல் ஸ்தாயியில் போய் நிற்கும்போது, பக்கத்து இருக்கை மாமா தொடையில் போடும் தாளம் சற்றுப் பலமாகவே கேட்கும். ஒரு சங்கதியைத் தாண்டிக் குதித்தால் அடுத்தது புரியாது. இதைக் 'கூறியது கூறல்' என்று யாராவது சொன்னால் அடுத்த டிசம்பரில் அவருக்குக் கேன்டீன் காபிகூடக் கிடைக்காது.

அடையாறு மத்திய கைலாஷ் பக்கம் டீக்கடையில் நின்றால் இட்டரேட் என்ற சொல் வேறு உடம்பில் காதில் விழும். ராஜீவ் காந்தி சாலை தொடங்குகிற இடம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க நிற்கும் பிள்ளைகள், 'அடுத்த இட்டரேஷன்ல சரி பண்ணிக்கலாம்' என்கிறார்கள். இது அவர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை, மிகப் பழசு. இரண்டுக்கு வர்க்கமூலம் வேண்டும். முதலில் ஒன்று என்று குத்துமதிப்பாக வையுங்கள். இரண்டை அதனால் வகுத்தால் இரண்டு. இந்த இரண்டுக்கும் முதலில் வைத்த ஒன்றுக்கும் நடுவே ஒன்றரை. இப்போது ஒன்றரையை வைத்து அதே வேலையைச் செய்யுங்கள். கிடைத்ததை வைத்து மறுபடியும். மூன்றே சுற்றில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் சரியாக வந்துவிடும். செய்கிற வேலை மாறவே இல்லை. கையில் இருக்கும் எண்தான் ஒவ்வொரு சுற்றிலும் வேறு.

2021இல் வந்த 'மாநாடு' படமும் அதே கணக்குதான். வெங்கட் பிரபு இயக்கியது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது, நாயகன் ஒவ்வொரு தடவையும் முந்தைய தடவையின் தப்பைத் தெரிந்துகொண்டு வருகிறான். எஸ்.ஜே.சூர்யா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்ன அந்த 'ரிப்பீட்டு' ஊரெல்லாம் பரவியது. நான் அந்தக் கடைசி 'டு'வைக் கவனித்தேன். தமிழில் வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. ரிப்பீட் என்று மொட்டையாக முடிந்த சொல்லுக்கு ஒரு உகரம் கொடுத்து, பாட்டு, பூட்டு வரிசையில் உட்கார வைத்துவிட்டது சென்னை. பவணந்தியார் தலையாட்டியிருப்பார். ரகரமும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராதே என்று அவர் அடுத்துக் கேட்டால் 'இரிப்பீட்டு' என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

எதிரே கண்ணாடிக்குப் பின்னால் நேரம் ஆயிற்று என்று கை காட்டுகிறார்கள். இது எந்த உரை, தலைப்பு என்ன என்று தொடக்கத்திலேயே அறிவிப்பாளர் ஒரு முறை சொல்லிவிட்டார். இப்போது மறுபடியும் சொல்லுவார்.