பாழ்மனைகளைத் திறந்த ஊர்



ஒரு வீடு எவ்வாறு பாழாகின்றது என்பதை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இடியும் புயலும் வீழ்த்திய வீடுகள் சிலவே. ஆளில்லாமையால் வீழ்ந்த வீடுகளே பல. கூரையில் ஓர் ஓடு நழுவுகின்றது. வீட்டில் ஆளிருப்பின் மறுநாளே ஏணி வைத்து அதனைச் செப்பனிட்டுவிடுவர். ஆளில்லா வீட்டிலோ அச்சிறு துளைவழி இறங்கும் மழை கைமரத்தை நனைக்கின்றது. பின்னர் விட்டத்தை உளுத்துப்போகச் செய்கின்றது. சில ஆண்டுகளில் கூரை உள்விழுகின்றது. கூரை போனபின் சுவரின் தலை வானுக்குத் திறந்து கிடக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சுண்ணம் கரையும். அத்தியும் முட்செடியும் வேரூன்றும். அதன்பின் அங்கே நிற்பது வீடன்று, கற்குவியல். எனவே பாழ்மனையைக் கண்டவிடத்து, இதன் கல்லும் மரமும் என்னாயின என்று கேட்பதினும், இதன் திறவுகோல் எவர் கையில் உள்ளது, அவர் எங்கே உள்ளார் என்று கேட்பதே அறிவுடைமையாம்.

இக் கேள்வியைக் கேட்டு, விடையையும் தன் கையாலேயே செய்து பார்த்த ஓர் ஊரின் வரலாறே இன்றைய உரைக்குப் பொருள். அவ்வூர் இத்தாலி நாட்டின் தென்கோடியில், கலாபிரியா மாநிலத்தில் உள்ள இரியாச்சே.

பெயர் ஒன்றாயினும் ஊர் இரண்டு. மலைமேல் கற்சுவர் வீடுகளும் குறுந்தெருக்களும் கொண்ட பழைய ஊர். சில கல் தொலைவில் அயோனியக் கடலோரமாக எழுந்த புதுக் குடியிருப்பு. இரண்டும் சேர்ந்த ஊராட்சி முழுமைக்கும் ஏறத்தாழ 2,000 பேரே. 1972-இல் இக் கடலின் அடியிலிருந்து பழங்கிரேக்க மறவர் இருவரின் வெண்கலச் சிலைகள் எடுக்கப்பட்டன. உலகமே வியந்து பார்த்த சிலைகள் அவை. ஆனால் அவையும் ஊரில் தங்கவில்லை. இரெச்சியோ நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போயின. ஊர்மக்கள் போன வழியே ஊர்ச் சிலைகளும் போயின என்க.

மக்கள் ஏன் போயினர்? நிலம் சிலர் கையில். வறுமை பலர் வீட்டில். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1946-இல், இத்தாலிய அரசு பெல்சிய நாட்டோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. ஆளை அனுப்பு, நிலக்கரி தருகின்றேன் என்பதே அதன் சாரம். நாட்டு மாந்தரையே சரக்காக்கி நிலக்கரி வாங்கிய அவ்வுடன்பாட்டின் விலை என்ன? 1956-இல் மார்சினெல் சுரங்கத் தீயில் மாண்டவர் 262 பேர். அவருள் இத்தாலியர் 136 பேர். கலாபிரியர் பெல்சிய நாட்டுக்கு மட்டுமா போயினர்? செருமனிக்கும், அர்கெந்தீனாவுக்கும், ஆத்திரேலியாவுக்கும், தம் நாட்டிலேயே வடபால் உள்ள தூரின், மிலான் நகரங்களுக்கும் போயினர். வீட்டைப் பூட்டித் திறவுகோலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போயினர். மலைமேல் ஊர் மூச்சடங்கியது.

இரியாச்சேக்கு அணித்தாக உள்ள பதொலாத்தோ என்னும் மற்றோர் ஊரும் இவ்வாறே வெறிதாயிற்று. 1986-இல் அவ்வூரினர் ஒருவர், ஊரே விற்பனைக்கு என்று நாளிதழில் எழுதினார். ஊரின் பெயர் எங்கும் பரவியது. அயல்நாட்டார் சிலர் வந்து வீடு வாங்கினர். வாங்கினோர் கோடைக்கு வருவர்; மழைக்காலத்தில் இரார். ஓடு நழுவுவதோ மழைக்காலத்தில். 1997-ஆம் ஆண்டின் இறுதியில் அரராத்து என்னும் கப்பல் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட குர்திய மக்களைச் சுமந்து அவ்வூர்க் கரையை அடைந்தது. பதொலாத்தோ மக்கள் வெறும் வீடுகளைத் திறந்து அவர்களுக்கு இடங்கொடுத்தனர். பக்கத்து ஊரார் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அடுத்த ஆண்டு, 1998 சூலை முதல் நாள், இரியாச்சேயின் கரையிலேயே ஒரு படகு ஒதுங்கியது. அதில் வந்தோரும் குர்தியரே. ஏறத்தாழ இருநூறு பேர். குர்தியர் எவர் என்பதை இவ்வவைக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமக்கென மொழியும் மண்ணும் உடையர். தமக்கென ஓர் அரசு இலர். துருக்கி, ஈராக்கு, ஈரான், சிரியா என்னும் நான்கு நாடுகளின் எல்லைக்கோடுகள் அவர்கள் மண்ணை அறுத்துச் செல்கின்றன. 1983-இல் துருக்கி இயற்றிய ஒரு சட்டம், குர்திய மொழியின் பெயரைக்கூடச் சொல்லாமலே, அம்மொழியில் நூலும் இதழும் வெளிவராதவாறு தடுத்தது. 1991-இல்தான் அது நீங்கியது. மொழியைப் பூட்டிய அரசுக்கு அஞ்சி ஓடிவந்தோர், பூட்டிய வீடுகள் நிறைந்த ஊருக்கு வந்து சேர்ந்தனர்.

படகைக் கண்டவருள் ஒருவர் தொமினிக்கோ இலூக்கானோ. வேதியியல் கற்பித்த பள்ளியாசிரியர். வந்தோர் முதலில் திருவிழாவுக்கு வருவோர் தங்கும் திருச்சபை இல்லத்தில் தங்கவைக்கப்பட்டனர். அவருட் பலர் சின்னாளில் வேறு நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். இதனை மறைத்துச் சொல்வது அழகன்று. ஆனால், ஊரார் சிலர் உள்ளத்தில் ஓர் எண்ணம் விதைக்கப்பட்டுவிட்டது. வீடற்ற மாந்தர் ஒருபால். மாந்தரற்ற வீடுகள் ஒருபால். இவ்விரண்டையும் சேர்ப்பதற்கு என்ன தடை?

1999-இல் ‘வருங்கால நகர்’ எனப் பொருள்படும் பெயருடன் ஒரு மன்றம் தோன்றியது. 1993-இல் பலெர்மோ நகரில் மாபியாக் கொலைக்கூட்டத்தார் சுட்டுக்கொன்ற பூலீசி என்னும் அருட்டந்தையின் பெயரையும் அம்மன்றம் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. கலாபிரியாவில் அப்பெயரைச் சூடுவதே ஒரு துணிவாகும்.

மன்றம் செய்த முதல் வேலை சுவரெழுப்புவதன்று; வீட்டுக்குரியோரைத் தேடியது. ஊரை விட்டுப் போனவர்களோடும் அவர்தம் மக்களோடும் தொடர்புகொண்டு, வீட்டை விற்கவும் வேண்டா, குடிக்கூலிக்கு விடவும் வேண்டா, சில ஆண்டுகளுக்கு விலையின்றிப் பயன்படுத்த இசைவு தந்தால் போதும் என்று கேட்டனர். உரிமை உடையவருக்கே, பயன் ஊருக்கு. செப்பனிடும் செலவு மன்றத்தைச் சார்ந்தது. இத்தாலியச் சட்டத்தில் இத்தகைய விலையில்லா இரவலுக்கு இடமுண்டு. உரியவருக்கு இதில் இழப்பு யாது? வீழ இருந்த வீடு கூரையோடு நிற்கும்; அவ்வளவே. இவ்வேற்பாடு எளியதே; ஆயினும் அதனை எண்ணுவதற்கு ஊரில் ஒருவர் வேண்டியிருந்தார்.

செலவுக்குப் பணம்? பொருளீட்டம் ஒன்றையே குறியாகக் கொள்ளாது அறப்பணிகளுக்குக் கடன் தரும் ஒரு வைப்பகம் இத்தாலியில் உண்டு. அதனிடம் கடன் பெற்றனர். ஓடு மாற்றினர், விட்டம் மாற்றினர், தளம் செப்பனிட்டனர். பின்னாரோ மாளிகை என்னும் பழைய பெருமனை மன்றத்தின் இருப்பிடமாயிற்று. ஒன்றை இங்கே இடைப்பிறவரலாகச் சொல்லுதல் வேண்டும். சுண்ணம் இட்டுக் கட்டிய பழஞ்சுவர் ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளிவிடும் இயல்பினது. அதன்மேல் சீமைக்காரையை அப்பினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுச் சுவரை அரிக்கும். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கின்றோம் என்று சொல்லி அதனைக் கொன்றவர் எல்லா நாட்டிலும் உளர். பழஞ்சுவருக்குச் சுண்ணமும், அச்சுண்ணத்தைக் குழைக்கத் தெரிந்த கொத்தனும் வேண்டும். ஊர் வெறுமையாகும்போது அக் கொத்தனும் அல்லவா போய்விடுகின்றான்!

வீடுகள் எழுந்தன, வீட்டில் மாந்தர் எழ வேண்டுமே! சில வீடுகள் ஊர்காண வரும் சுற்றுலாவினர்க்கு. பல வீடுகள் அடுத்தடுத்து வந்த ஏதிலியர்க்கு. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும், ஆப்கானித்தானம், குர்திய மண் முதலியவற்றிலிருந்தும் வந்தோர், பெருகிய காலத்தில், நானூற்றுக்கு மேற்பட்டிருந்தனர். பழைய கடைகள் பட்டறைகளாயின. மட்கலம் வனைதலும், கண்ணாடி வேலையும், தையற் பூவேலையும், நெசவும் அங்கே நடந்தன. ஒவ்வொரு பட்டறையிலும் ஊரார் ஒருவரும் வந்தவர் ஒருவரும் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்தனர். பிள்ளைகள் இன்மையால் மூடிய பள்ளியில் மீண்டும் பிள்ளைகளின் ஓசை கேட்டது. வண்டி நுழையாத குறுந்தெருக்களில் குப்பை அள்ளக் கழுதைகளை அமர்த்தினர். கழுதையா என்று நகைத்தவர் இருந்தனர். மலைத்தெருவின் அகலம் அறிந்தவர் நகையார்.

2004-இல் ஊர்மக்கள் இலூக்கானோவை ஊர்த்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். 2009-இலும் 2014-இலும் மீண்டும் அவரே. எதிர்ப்பும் உடன் வளர்ந்தது. அவர் இருந்த உணவகத்தின்மேல் குண்டுகள் பாய்ந்தன. அவருடைய நாய்கள் நஞ்சிட்டுக் கொல்லப்பட்டன. ஆளற்ற நிலமும் வீடும் எவர்க்கு ஊதியமோ அவர்க்கு ஆளுள்ள ஊர் பகையாதல் இயல்பே.

ஆனால், இரியாச்சேயை வீழ்த்தியது குண்டன்று. இவ்வரலாற்றில் ஊன்றிக் கவனிக்கத்தக்க இடம் இதுவே. ஏதிலியர் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 35 யூரோ என்னும் அளவில் அரசு தந்த தொகையே ஊரின் பெருவருவாயாக இருந்தது. உணவும், பட்டறைக் கூலியும், கற்பித்தலும் அத்தொகையிலிருந்தே நடந்தன. அரசுப் பணமோ உரிய காலத்தில் வருவதில்லை. திங்கள் பல கழித்தே வந்தது. அதனைச் சமாளிக்க ஊரார் ஒரு வழி கண்டனர். காந்தியடிகள், மார்ட்டின் இலூதர் கிங்கு, சேகுவேரா முதலியோர் உருவம் பொறித்த சீட்டுகளை அச்சிட்டு, ஊர்க்கடைகளில் அவற்றைப் பணமாக வழங்கினர். அரசுப் பணம் வந்ததும் கடைக்காரர் சீட்டைக் கொடுத்துப் பணம் பெற்றனர். நுண்ணிய ஏற்பாடுதான், எனினும் சீட்டின் முதல் அரசின் கருவூலத்தில் இருந்தது. கூரையை ஊரார் தாங்கினர். அடுப்பை அரசு தாங்கியது. அடுப்பைத் தாங்கிய கை விலகினால் கூரை மட்டும் யாருக்கு?

2018-இல் அக் கை விலகியது. நின்றுபோன பணத்துக்காக ஆகத்துத் திங்களில் ஊர்த்தலைவர் உண்ணாநோன்பு இருந்தார். அத்தோபர் 2-ஆம் நாள் அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அதே திங்களில் உள்நாட்டமைச்சு இரியாச்சேயின் ஏதிலியர் திட்டத்தை முடித்து, அங்கிருந்தோரை வேற்றிடங்களுக்கு மாற்ற ஆணையிட்டது. வீட்டுக்காவல் நீங்கிய பின்னரும் ஊர்த்தலைவர் தம் ஊரில் கால்வைக்கலாகாது என்னும் தடை 2019 வரை நீடித்தது. பட்டறைகள் மூடின. இருபதாண்டு உழைப்பிற்குப் பின் மலைமேல் ஊரில் மீண்டும் பூட்டுகள் தொங்கின. திட்டத்தை முடித்த முறை தவறென்று 2019-இல் ஆட்சித்துறை முறைமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது குடியிருந்தோருட் பலர் அங்கு இல்லை.

2019-இல் ஊராட்சி மாறியது. ‘வரவேற்கும் ஊர்’ என்றிருந்த பெயர்ப்பலகை நீக்கப்பட்டது. ‘தூய மருத்துவர் கோசிமோ, தமியானோ ஊர்’ என்னும் பலகை நாட்டப்பட்டது. ஊரின் காவலராக வழிபடப்பெறும் அவ்விருவரும் யாவர்? திருச்சபை மரபுப்படி அரபு மண்ணில் பிறந்து, கூலி பெறாது மருத்துவம் செய்த உடன்பிறந்தார். அயலாரை நீக்கிய பலகையில் அயலார் பெயரையே எழுதினர்!

வழக்கு நடந்தது. 2021-இல் முதல் முறைமன்றம் இலூக்கானோவுக்கு 13 ஆண்டு 2 திங்கள் சிறை விதித்தது. 2023-இல் மேல்முறையீட்டில் ஏறத்தாழ எல்லாக் குற்றச்சாட்டும் வீழ்ந்து, ஓர் அலுவல் ஆவணம் பற்றிய குற்றம் மட்டும் எஞ்சியது. ஒன்றரை ஆண்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டம். 2025-இல் நாட்டின் தலைமை முறைமன்றம் அதனையே உறுதிசெய்தது. அவருக்கு நேர்ந்தது கொடுமை என்பார் உளர். ஆயின், ஊர்ப்பணி ஆற்றும் எவரும் ஒன்றை நினைவில் கொள்ளல் வேண்டும்: பகைவர் தேடுவது நெஞ்சத்தை அன்று, ஏட்டை. எஞ்சி நின்ற அவ்வொரு குற்றமும் ஓர் ஏட்டின் வழியே நின்றது. பொதுப்பணம் தொட்ட கையில் சுண்ணம் படிந்திருப்பது மட்டும் போதாது. வரவும் செலவும் ஆவணமும் அன்றன்று பிழையின்றி எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு மறு ஆண்டு, 2024 சூனில், ஊர்மக்கள் அவரை மீண்டும் ஊர்த்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அதே திங்களில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் அவர் தேர்வானார்.

இவ்வழக்குகளுக்கு நடுவே, பட்டறைகள் மூடிக்கிடந்த 2019-இல், இரியாச்சேயின் நண்பர்கள் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினர். ‘காற்றுத்தான் செய்தது’ என்பது அதன் பெயர். குர்தியர் படகைக் கரைக்குக் கொணர்ந்த காற்றை நினைந்து இட்ட பெயர். இம்முறை அவர்கள் அரசின் கருவூலத்தை எதிர்நோக்கவில்லை. தனியார் தரும் நன்கொடையைக் கொண்டே பட்டறைகளையும் வீடுகளையும் மீண்டும் ஒவ்வொன்றாகத் திறக்க முற்பட்டனர்.